மிச்ச வெயில்

தீபாவளி முடிந்த கையோடு வந்து என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று என் மகள் பிரம்மி போனில் சொன்னபோது, "சரிம்மா" என்று ஒரே வார்த்தையில் அடங்கிப்போனேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். செஞ்சி கடைத்தெருவில் தராசை அழுத்திப் பிடிக்கிற காய்கறிக்காரர்கள்கூட என்னைக் கண்டால் விரலை எடுத்துவிடுவார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் ஜினதாஸ் போன பிறகு, பொழுது சாய்ந்தால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தைப் பிடித்துத்தான் பிரம்மி என்னை இழுத்தாள்.

"உன்னால தனியா இருக்க முடியாதும்மா. ஒத்துக்கோ" என்றாள்.

ஒத்துக்கொண்டேன். அப்போது சித்திரை மாதம். தீபாவளி வெகுதூரத்தில் இருந்தது.

பயம் என்றால் திருடன் பயமோ பேய் பயமோ இல்லை. நாங்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். பொழுது போன பிறகு எதையும் வாயில் வைக்க மாட்டோம். அக்கம்பக்கத்தில் தாளிக்கிற வாசனை வரும் நேரத்தில் எங்கள் அடுப்படி கழுவித் துடைத்துக் கிடக்கும். அவர் இருந்தவரை அது நல்ல நேரம். பேப்பரை உரக்கப் படித்து, படித்ததற்கெல்லாம் சண்டை போட்டு, எங்கள் உரக்கடைக்கு வந்தவன் போனவன் கதையெல்லாம் சொல்வார். இப்போது அதே நேரம் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்க்கிறது. ஒரு மனுஷக் குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லா விளக்கும் எரிய எரியத்தான் படுப்பேன்.

அந்த நேரம் மற்றவர்களைவிட எங்கள் வீட்டுக்குச் சீக்கிரமாகவே வந்துவிடும். அதற்குக் காரணம் என் மாமியார். ஊருக்கு மேற்கே கோட்டை மலைகள் நிற்கின்றன. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் எங்கள் தெருவில் நிழல் விழும். "மலை முழுங்கிடுச்சு, அடுப்ப மூடு" என்பார் மாமியார். அதற்குள் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வாசலில் நிழல் வந்ததும் கடைக்குப் போன் போடுவேன். வீட்டுக்காரர் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிவருவார். "காலண்டர்ல இன்னும் டைம் இருக்குதே" என்று முன்பு ஒருமுறை அவர் தன் அம்மாவிடம் முனகியதற்கு என் மாமியார் சொன்ன பதில் எங்கள் உறவில் பிரசித்தம். "காலண்டர் அடிச்சவன் சிவகாசிக்காரன். அவனுக்கு நம்ம மலைய பத்தி இன்னா தெரியும்?"

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து திருநாதர் குன்றுக்குப் போவதாக ஏற்பாடு. ஊரை விட்டுச் சிங்கவரம் போகிற பக்கம் சிறிய குன்று அது. மேலே ஒரு பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான்கைந்து தடவை போயிருப்பேன், எல்லாம் கூட்டத்தோடு வேனில். தனியாக நான் போன தூரம் என்று பார்த்தால் அதிகபட்சம் பஸ் ஸ்டாண்டுதான்.

இட்லி அவித்து, பொடி தடவி, டப்பாவில் அடைத்து, வடிகட்டிய தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். ஒருத்திக்குத் திடீர் விருந்தாளி. ஒருத்திக்குத் தலைவலி. ஆட்டோ சொல்வதாக இருந்தவளுக்கு மறந்தே போய்விட்டதாம், கொட்டாவி விட்டுக்கொண்டே போனில் சொல்கிறாள். கோபம் வந்தால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. போங்கடி நீங்களும் உங்கள் தலைவலியும் என்று பூட்டை மாட்டிவிட்டு நடந்தே கிளம்பிவிட்டேன். பாதி வழியில் கோபம் இறங்கிவிட்டது. திரும்பிப் போனால் அந்த வீடு. அதற்கு இந்த வெயில் எவ்வளவோ தேவலை என்று மேலே நடந்தேன்.

குன்றடியில் செல்லம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் எங்கள் கடையில் உரம் வாங்கிக்கொண்டிருந்தவன் என்பதால் அவளைத் தெரியும்.

"இன்னாக்கா, தனியா வந்துகினு கீற? வூட்ல சண்டையா?"

"சண்டை போட வூட்ல யார் இருக்காங்க?" என்றேன்.

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆட்டை அதட்டினாள்.

ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. நின்று திரும்பிப் பார்த்தால், ஊர் முழுக்க மலை நிழல். என் தெரு, கடைத்தெரு எல்லாம் மங்கிக் கிடக்கிறது. போச்சு, இன்றைக்கு ராப்பட்டினி என்று தலைவலிக்காரியை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன். மேலே போய் அந்தப் பெரிய பாறையைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்தேன். பளீரென்று முகத்தில் வெயில் அடித்தது.

சூரியன் போகவே இல்லை. மலைகளுக்கு அந்தப் பக்கம், அவசரமே இல்லாமல், தாராளமாக இருந்தது. பாறை மஞ்சளாக இருந்தது. தீர்த்தங்கரர்கள் எல்லாரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, இட்லியை நிதானமாக மென்று தின்று, தண்ணீர் குடித்து, வாய் கொப்பளித்தும் முடித்தேன். அப்போதும் வெயில் மிச்சம் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு வருஷமும் மலை நிழலைப் போய்ப் பொழுது போனதாக நினைத்து அவரை ஓட வைத்திருக்கிறோம்! என் மாமியாரும் நானும் சேர்ந்து சூரியனையே முந்தியிருக்கிறோம். யாருமில்லாத பாறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இதை அவரிடம் சொன்னால் எப்படிக் குதிப்பார், நான் அன்னைக்கே சொல்லல என்று ஊரைக் கூட்டுவாரே என்று நினைத்தேன். நினைத்த உடனே சிரிப்பு நின்றுபோனது. சொல்வதற்கு ஆள் இல்லை. இந்த உலகத்தில் இந்த ஒரு விஷயம் புரிந்து சிரிக்கக்கூடிய இரண்டு பேரும் செத்துப்போயிருந்தார்கள். நான் பிரம்மிக்குப் போன் போட்டேன்.

"மீட்டிங்ல இருக்கேம்மா. அர்ஜென்ட்டா?"

"இல்லடி" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலமும் போனேன். அதற்கு அடுத்த நாளும். முதலில் அந்த மிச்ச வெயிலுக்காகத்தான் போனேன். வீட்டில் பொழுது சாயும் நேரத்தை ஏமாற்ற வேறு வழி தெரியவில்லை. பிறகு மலையே பிடித்துப்போனது. செருப்பு வழுக்குகிறது என்று கடைக்குப் போய்க் கேன்வாஸ் ஷூ கேட்டேன். "யாருக்கும்மா?" என்றான் கடைக்காரன். "எனக்குத்தான். ஏன், இது காலா தெரியலையா?" என்றேன். ஐம்பத்தாறு வயதில் புடவைக்குக் கீழே வெள்ளை ஷூவோடு நான் தெருவில் நடந்தபோது ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

எந்தப் பாறை மாலையிலும் சுடும், எது சீக்கிரம் ஆறும், எங்கே கால் வைத்தால் கல் ஆடும் என்று கால் தானாகவே கற்றுக்கொண்டது. குரங்குகளிடம் டப்பாவை ஒருமுறை பறிகொடுத்தேன். சப்பாத்திக்கள்ளி முள்ளை நகத்தால் எடுக்கப் பழகினேன். மயில் ஒன்று தினமும் அதே பாறையில் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டு, இவளா என்பது போலத் திரும்பிப் போகும். சுற்றிலும் மணிலாக் கடலை வயல்களும் ஏரியும் தெரியும். கீழே பஸ் ஹாரன் கேட்கும். இருபத்து நான்கு பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் ஒருத்தரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களுக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் ஒரு நாள் வாய்விட்டே அவர்களிடம் சொன்னேன், "உங்களுக்கென்ன, நீங்க எல்லாரும் ஒண்ணா இருக்கீங்க."

ஆவணியில் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். குன்றின் பின்பக்கம் ஒரு சுனை இருப்பதாகச் செல்லம்மாள் சொல்லியிருந்தாள். அதைப் பார்த்தே தீருவது என்று புதுப்பாதையில் இறங்கினேன். சுனையைப் பார்த்து முடிப்பதற்குள் இடி இடித்து மழை கொட்டிவிட்டது. வந்த வழியில் ஒரு சரிவுப் பாறை. நனைந்ததும் அது எண்ணெய் தடவினதுபோல ஆகிவிட்டது. ஏற முடியவில்லை. கீழ்ப்பக்கமோ முழுக்க முள். ஒரு பாறைக்கு அடியில் ஒண்டிக்கொண்டேன்.  கூப்பிட்டால் செல்லம்மாளுக்குக் கேட்காது, அவள் எப்போதோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். விழுந்து கிடந்தால் நாளைக்குத்தான் பார்ப்பார்கள்.

போனில் பிரம்மி நம்பரை எடுத்துவிட்டேன். விரல் அதன் மேலேயே நின்றது. அமுக்கினால் போதும், எங்கிருந்தாவது ஆளைப் பிடித்து அனுப்புவாள். அதோடு எல்லாம் முடிந்துவிடும். தீபாவளி வரைகூடப் பொறுக்க மாட்டாள், மறுநாளே காரோடு வந்து நிற்பாள். உன்னால் முடியாது என்றேனே என்பாள். அது உண்மையாகவும் ஆகிவிடும். போனைப் பையில் போட்டேன்.

மழை விட்டதும் அந்தச் சரிவில் உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி, அங்குலம் அங்குலமாகப் பக்கவாட்டில், முள் இல்லாத பக்கமாக நகர்ந்தேன். ஈரத்துக்கு வெளியே வந்திருந்த சிவப்புப் பட்டுப்பூச்சிகளை நசுக்காமல் கை வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்ததில் பயப்பட நேரமில்லாமல் போனது. முழங்கை தேய்ந்தது, புடவை கிழிந்தது. ஆனால் இறங்கிவிட்டேன். மேகத்தில் பொழுது போனதா இல்லையா என்றே தெரியாததால் டப்பாவைத் திறக்காமல் பட்டினியோடு வீட்டுக்கு வந்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்த பிறகுதான் விளக்கை அணைத்தது ஞாபகத்துக்கு வந்தது.

அதற்கப்புறம் பயம் வரவில்லை. தனிமையும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அது அப்படியே இருந்தது, இட்லியை இரண்டாகப் பிட்டால் மற்றொரு பாதியை யாருக்கு நீட்டுவது என்று கை தயங்குகிற அளவுக்கு இருந்தது. ஆனால் அதோடு உட்கார என்னால் முடிந்தது. புரட்டாசியில் ஒரு நாள் காலையில் டிக்கெட் வாங்கி, கோட்டை மலைகளில் பெரியதான ராஜகிரிக்கே ஏறினேன். காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற, நான் நின்று நின்று ஏறினேன். உச்சியில் காற்று காதைக் கிழித்தது. கீழே தேடித் தேடி என் வீட்டு மாடியைக் கண்டுபிடித்தேன். இந்தச் சின்ன இடத்தில் உட்கார்ந்தா இப்படிப் பயந்தோம் என்று இருந்தது. அங்கேயே முடிவு செய்தேன். நான் பெங்களூருக்குப் போகப்போவதில்லை.

போனில் சொன்னால் அவள் வக்கீல் மாதிரி பேசுவாள், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தினமும் தீர்த்தங்கரர்கள் முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பேன். "பிரம்மி, நான் வரல." சில நாள் கோபமாக வரும், சில நாள் கெஞ்சலாக வரும்.

தீபாவளிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். மகாவீரருக்கு விளக்கேற்றி முடித்ததும் எனக்கொரு புதுப் பெட்டியை எடுத்து நடுவீட்டில் வைத்தாள். ஷூவைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது? சொந்தக்காரங்க போட்டோ எடுத்து எனக்கு அனுப்பறாங்க. மலையில விழுந்து கெடந்தா யார் பாக்கறது?" என்றாள்.  "நாளைக்குச் சாயங்காலம் என்னோட குன்றுக்கு வா. அங்க பேசிக்கலாம்" என்றேன்.

மறுநாள் அவள் நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினாள். முப்பத்தொரு வயது, என்னைவிட மூச்சு வாங்குகிறாள். ஆடிய கல்லில் கால் வைக்கப்போனவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினேன். மேலே போய் மேற்குப் பக்கம் திரும்பியதும், நான் எதிர்பார்த்த மாதிரியே வெயில் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அட, கீழ இருட்டிடுச்சேம்மா" என்றாள். மாமியாரின் கதையையும் சூரியனின் கதையையும் சொன்னேன்.  கேட்டதும் அவள் அப்பாவின் சிரிப்பை அப்படியே சிரித்தாள். "பாவம் நைனா! எப்படி ஓடியாருவாரு!" என்றாள். ஐந்து மாதமாகச் சொல்ல ஆள் தேடிய கதைக்கு ஆள் கிடைத்துவிட்டது. 

டப்பாவைத் திறந்து நீட்டினேன். பெங்களூரில் அவள் சாப்பிடுகிற நேரமெல்லாம் எனக்குத் தெரியும், நான் கேட்பதில்லை. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். "பிரம்மி, நான்..."

"அம்மா" என்றாள் அவள், சூரியனைப் பார்த்தபடி. "என்கூட இருந்த தமிழினி கல்யாணமாயி போயிட்டா. ரெண்டு மாசமாச்சு. உங்கிட்ட சொல்லல."

"அதனால இன்னா?"

"காலையில காப்பி குடிச்ச டம்ளர டேபிள்ல வெச்சிட்டுப் போறேம்மா. ராத்திரி கதவத் தொறந்தா அது அங்கியே இருக்குது. நகந்திருக்காதுன்னு தெரியும். ஆனாலும் தெனமும் அதத்தான் மொதல்ல பாக்கறேன்." அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உன்னால தனியா இருக்க முடியாதுன்னு சொல்லிகினே இருந்தேன் இல்ல? என்னாலதாம்மா முடியல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி உனக்கு? பெத்தவகிட்ட சொல்றதுக்கு?" என்று கத்திவிட்டேன். பாறையிலிருந்து மயில் பறந்தது. கத்தியது அவளிடம் இல்லை. இவ்வளவு நாள் போனில் கேட்ட குரலில் இருந்தது யாருடைய பயம் என்று தெரியாமல் இருந்த என்னிடம்தான். என் பயத்தைப் போலவே ஒரு பயம் பெங்களூரில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததை, அதே நோயில் கிடந்த நான் கண்டுபிடிக்கவில்லை.

நான் ஒத்திகை பார்த்த வார்த்தை எங்கே போனதென்று தெரியவில்லை. "சரி, வரேன்" என்றேன். "நாளன்னைக்கே கெளம்பலாம். இப்ப சாப்பிடு, பொழுது போவப்போவுது."

சாப்பிட்டாள். நான் எழுந்து பாறை விளிம்பில் போய் நின்றேன். கடைசி வெயில் ஏரிமேல் இருந்தது. இனி இது இல்லை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தேன். அவள் பக்கவாட்டிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

இறங்கும்போது சரிவில் நான் முன்னால் உட்கார்ந்து நகர்ந்து காட்ட, அவளும் அப்படியே வந்தாள். கீழே செல்லம்மாள், "பொண்ணு கூட்டிகினு போவப்போவுதாமே? அங்க இந்த மாரி மல இருக்குதா?" என்றாள். பிரம்மி திரும்பிக் குன்றைப் பார்த்துவிட்டு நடந்தாள். 

கிளம்புகிற நாள் காலையில் என் புடவைகளைப் புதுப் பெட்டியில் அடுக்கி, எல்லா ஜன்னலையும் சாத்தி, காஸையும் மூடிவிட்டேன். மதியத்துக்குப் புதுச்சேரியிலிருந்து வருகிற பெங்களூர் பஸ். பிரம்மி தன் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"பெட்டிய எடுடி. என்னால தூக்க முடியாது" என்றேன்.

"அது இங்கியே இருக்கட்டும். நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வா, போதும்."

தெரு நெடுக அவளோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். நான்தான் வரேன்னு சொல்லிட்டனே, அப்புறம் என்ன என்றேன். பஸ் ஸ்டாண்டு நிழலில் நின்றதும்தான் வாயைத் திறந்தாள்.

"நீ வரேன்னு சொல்லிட்டு எழுந்து போயி நின்ன இல்ல, அப்ப உன் முகத்தப் பாத்தேம்மா. அந்த மாரி ஒரு அம்மாவ நான் பாத்ததே இல்ல. நைனா இருந்தப்பக்கூட பாத்ததில்ல. அங்க வந்தா நீ சோபால உக்காந்துகினு எனக்காக வாசலையே பாத்துகினு இருப்ப. நான் ராத்திரி பத்துக்கு வருவேன். ரெண்டு பேரும் ஒரே வீட்ல தனியா இருப்போம்."

"அப்ப நீ?"

"நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்த பாத்துக்குவ?"

"தெரியல. நீ மட்டும் தெரிஞ்சிகினா மலைக்குப் போன?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏறிவிட வேண்டும் போலிருந்தது. பெட்டி இல்லாவிட்டால் என்ன, கட்டிய புடவையோடு போனால் என்ன? கண்டக்டர், "ஏறுறதுன்னா ஏறும்மா" என்றான். பிரம்மி என் கைமேல் கை வைத்து, ஒவ்வொரு விரலாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். பஸ் நகர்ந்து திருவண்ணாமலை ரோட்டில் திரும்பியது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், என் பெண் அல்லவா.

நான் விரும்பியது எனக்குக் கிடைத்துவிட்டது. இனி யாரும் என்னைக் கூட்டிப்போக வரமாட்டார்கள். பட்டப்பகலில், பூக்காரியும் கண்டக்டர்களும் பார்க்க, பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன்.